ராபர்டோ கிளெமென்டே: 21-ஆம் எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளெமென்டே நாளான செப்டம்பர் 15 வந்தால் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் ஒரே எண் பல முதுகுகளில் தெரியும்: 21. இறந்து அரை நூற்றாண்டு தாண்டிய ஒருவரை ஒரு விளையாட்டின் ரசிகர்கள் இன்னும் இப்படி விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்? பேஸ்பாலே தெரியாதவர்கள்கூட இதைக் கேட்பதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த கிளெமென்டே?

அமெரிக்காவுக்கு உட்பட்ட, ஸ்பானிஷ் பேசும் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் 1934 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவர். அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி இவர். 1955-லிருந்து 1972 வரை 18 சீசன் ஆடினார், எல்லாமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற ஒரே அணிக்கு. நான்கு முறை லீகின் சிறந்த பேட்டிங் சராசரி, தொடர்ந்து 12 ஆண்டுகள் ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது, 1966-ல் நேஷனல் லீகின் (அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்று) மிக மதிப்புமிக்க வீரர், வேர்ல்ட் சீரீஸ் என்ற சாம்பியன் இறுதித் தொடரில் இரண்டு வெற்றிகள். 38 வயதில் இறந்தார்.

எப்படி இறந்தார்?

1972 டிசம்பர் 23 அன்று நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிளெமென்டே அங்கே இருந்தார். அமெச்சூர் உலகப் போட்டியில் போர்ட்டோ ரிக்கோ அணிக்கு மேலாளராகப் போயிருந்தவர், தெருக்களில் சுற்றி ஜனங்களோடு பழகிவிட்டு வந்திருந்தார். கால்களை இழந்த ஒரு சிறுவனுக்குச் செயற்கைக் கால் பொருத்த அணியினரிடம் பணம் திரட்டியதும் அந்தப் பயணத்தில்தான். ஆகவே நிலநடுக்கச் செய்தி அவருக்கு எங்கோ நடந்த செய்தியாகப் படவில்லை.

போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க மைதானத்தில் நின்று உணவு, உடை, மருந்து சேகரித்தார். முதலில் போன விமானங்களின் சரக்கு மக்களுக்குப் போய்ச் சேரவில்லை, சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் அதை மடக்கிக்கொள்கிறார்கள் என்று தகவல் வந்தது. நானே கூடப் போய் இறங்கினால் கைவைக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தார். அவர் முகத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

புத்தாண்டுக்கு முந்தின இரவு. டிசம்பர் 31, ஒன்பது மணி தாண்டியிருக்கும். சரக்கு ஏற்றிய டிசி-7 விமானம் சான் ஹுவான் விமான நிலையத்தில் கிளம்பிச் சில நிமிடங்களிலேயே கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விபத்துக்கு யார் பொறுப்பு?

இதில் 'விதி' என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்ள இடமில்லை. அது நான்கு இன்ஜின் கொண்ட பழைய விமானம். அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தரையில் ஓடும்போதே பள்ளத்தில் இறங்கி அடிபட்டது. கிளம்பிய அன்று அனுமதிக்கப்பட்ட எடையைவிட நாலாயிரம் பவுண்டுக்கும் மேல், அதாவது கிட்டத்தட்ட 1,900 கிலோ, கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். தகுதி பெற்ற ஃப்ளைட் இன்ஜினியரும் இல்லை. குடும்பங்கள் அமெரிக்க அரசின் மீது வழக்குப் போட்டன: விமானப் போக்குவரத்து அதிகாரிகள் அந்த விமானத்தைத் தடுத்திருக்க வேண்டும் என்பது வாதம். கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1977-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறிவிட்டது.

ரசிகர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் பேசுவதில்லை. தியாகக் கதைக்கு இது இடைஞ்சல். ஆனால் எனக்கு இதைத் தவிர்த்துவிட்டு அந்த இரவைச் சொல்ல மனம் வருவதில்லை.

உடல் கிடைத்ததா?

இல்லை. விமானியின் உடல் கிடைத்தது. கிளெமென்டேயின் உடல் கிடைக்கவே இல்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து ஜனங்கள் பின்யோனெஸ் கடற்கரையில் கூடினார்கள். படகுகளும் முக்குளிப்பவர்களும் நாள்கணக்கில் தேடினார்கள். அந்தத் தேடலில் பைரேட்ஸ் அணியின் கேட்சர் (கிரிக்கெட் கீப்பர் போல பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நிற்பவர்), பனாமாக்காரர் மானி சாங்கியென் இருந்தார். கிளெமென்டேயின் நெருங்கிய நண்பர். ஜனவரி 4 அன்று கரோலினாவில், கிளெமென்டேக்குக் கல்யாணம் நடந்த அதே சான் ஃபெர்னாண்டோ தேவாலயத்தில், நினைவுப் பிரார்த்தனை நடந்தது. அணி முழுவதும் பிட்ஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. சாங்கியென் மட்டும் அங்கே இல்லை. கடலில் முங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

1973 ஏப்ரல் 6, புது சீசனின் முதல் நாள், பிட்ஸ்பர்க் மைதானத்தில் 21-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். இனி அந்த அணியில் யாரும் அதை அணிய முடியாது. அன்று ஆட்டம் தொடங்கியபோது கிளெமென்டே வழக்கமாக நிற்கும் வலப்பக்க வெளிக்களமான ரைட் ஃபீல்டில் போய் நின்றவர் சாங்கியென்தான்.

அப்போது ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

போர்ட்டோ ரிக்கோவில் மூன்று நாள் துக்கம் அறிவித்தார்கள். ஜனவரி 2 அன்று புது ஆளுநர் பதவியேற்க இருந்தார், விருந்து, நடனம் எல்லாம் ரத்து. பிட்ஸ்பர்க்கில் பலருக்கு விடிந்ததும் ரேடியோ சொன்னது. மவுன்ட் வாஷிங்டன் குன்றின் மேல் ஊர் முழுக்கத் தெரியும் பெரிய மின்விளக்குப் பலகையில் ஸ்பானிஷ் மொழியில் 'போய் வா, நண்பா ராபர்டோ' என்று எரியவிட்டார்கள். 'பாப்' என்று கூப்பிட்டுப் பழகிய ஊர், கடைசியில் அவர் மொழியிலேயே வழியனுப்பியது.

'பாப்' விஷயம் என்ன?

அவர் பெயர் ராபர்டோ. அமெரிக்கர்களுக்கு வாயில் நுழையட்டும் என்று அறிவிப்பாளர்களும் பத்திரிகைகளும் 'பாப்', 'பாபி' ஆக்கினார்கள். வீரர்களின் படம் போட்டு விற்கும் டாப்ஸ் அட்டைகளில் 1957 முதல் 1969 வரை 'பாப் கிளெமென்டே' என்றே அச்சானது. அவருக்கு அது பிடிக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

அதைவிட மோசம் பேட்டிகள். அவர் ஆங்கிலத்தைத் தம் உச்சரிப்பில் பேசுவார். நிருபர்கள் 'ஹிட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஹீட்' என்று எழுதி, படிப்பவர் சிரிக்கும்படி அச்சிட்டார்கள். ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்கள் இரண்டாம் மொழியில் பேசுகிற மனிதனைக் கிண்டல் செய்தார்கள். முதுகு வலி, கழுத்து வலி என்று சொன்னால் நோயாளி வேஷம் போடுகிறான் என்றார்கள். 1954-ல் குடிபோதையில் ஒருவன் ஓட்டி வந்த கார் மோதியதில் அவர் முதுகெலும்பு அடிபட்டிருந்தது. பேட்டிங் பெட்டிக்குள் நுழையுமுன் கழுத்தை இப்படியும் அப்படியுமாகச் சுழற்றி முறுக்கெடுப்பாரே, பழைய படச்சுருள்களில் பார்க்கலாம், அது ஸ்டைல் இல்லை. வலி.

இறந்த பிறகும் தவறு தொடர்ந்தது. ஸ்பானிஷ் வழக்கப்படி அப்பாவின் குடும்பப் பெயர் முதலில், அம்மாவின் குடும்பப் பெயர் பிறகு: ராபர்டோ கிளெமென்டே வாக்கர். பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் பட்டயத்தில் 'ராபர்டோ வாக்கர் கிளெமென்டே' என்று பொறித்துவிட்டார்கள். 2000-ல்தான் திருத்தினார்கள். 27 வருஷம்.

அவர் எப்போதும் சிரித்த முகமான, சாதுவான ஆள்தானே?

நினைவு நாள் கட்டுரைகளைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் ரோஷக்காரர். கருப்பர், அதிலும் ஸ்பானிஷ் பேசும் கருப்பர் என்பதால் இரட்டை அவமானத்தைப் பார்த்தவர். ஃப்ளோரிடாவில் பயிற்சிக் காலத்தில் வெள்ளை வீரர்கள் ஓட்டலில் இறங்கிச் சாப்பிட, கருப்பு வீரர்கள் பஸ்சிலேயே உட்கார்ந்து யாராவது பொட்டலம் கொண்டு வருவார்களா என்று காத்திருக்க வேண்டும். கிளெமென்டே நிர்வாகத்திடம் சண்டை போட்டுத் தங்களுக்குத் தனி வண்டி வாங்கினார்.

1960-ல் பைரேட்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸை வென்று வேர்ல்ட் சீரீஸ் எடுத்தது. ஏழு ஆட்டத்திலும் அவர் ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல், ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸையாவது எட்டினார். அந்த ஆண்டின் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் எட்டாவது இடம் கொடுத்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. வேர்ல்ட் சீரீஸ் மோதிரத்தை அவர் விரலில் போடவே இல்லை. லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் மோதிரம்தான் போட்டுக்கொண்டார். ஆனால் அதே 1960-ல் ஜெயித்த அன்று, உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது சீக்கிரமே வெளியே வந்து தெருவில் ரசிகர்கள் கூட்டத்தோடு நடந்தார். எழுதுகிறவர்கள் மேல் கோபம், பார்க்க வந்தவர்கள் மேல் பிரியம். இரண்டும் சேர்ந்தவர்தான் கிளெமென்டே. ஒன்றை வெட்டிவிட்டு இன்னொன்றை மட்டும் மாலை போட்டு மாட்டுவது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

பேஸ்பால் தெரியாது. அவர் ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

ரைட் ஃபீல்ட் என்பது பேட்ஸ்மேனிலிருந்து வலப்பக்கம் வெகு தூரத்தில் இருக்கும் காவல். கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரத்திலிருந்து ஒரே எறியில் ஸ்டம்புக்கு மேல் கீப்பர் கையில் பந்து வந்து விழுந்தால் கூட்டம் எழுந்து நிற்கும் அல்லவா? கிளெமென்டே அதை வழக்கமாகச் செய்தார், சில நேரம் 90 மீட்டருக்கும் மேலிருந்து. ஓடி வந்து, பந்தை எடுத்து, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி எறிவார். வெளிக்களத்திலிருந்து நேராகப் பந்து எறிந்து ஆட்டமிழக்கச் செய்த கணக்கில் அவர் பேரில் 266 இருக்கிறது. கணக்கில் வராதது இன்னொன்று: அவர் கைக்குப் பந்து போனால் ஓட வேண்டியவர்கள் ஓடாமல் நின்றுவிடுவார்கள்.

பேட்டிங்கில் இலக்கணம் பார்க்க மாட்டார். கண் உயரத்தில் வரும் பந்து, தரையை உரசும் பந்து, எதையும் அடிப்பார். இப்படி அடிக்காதே என்று பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் எல்லாவற்றையும் செய்து வாழ்நாள் சராசரி .317 வைத்திருந்தார். அதாவது ஆயிரம் வாய்ப்பில் 317 ஹிட். 300 எடுத்தாலே பெரிய ஆள்.

3,000 ஹிட் என்று எப்போதும் சொல்கிறார்களே?

அது பேஸ்பாலில் ஒரு பெரிய எல்லைக்கல். ஒரு சீசனில் 200 ஹிட் என்பதே அபூர்வம். அதை 15 ஆண்டு விடாமல் செய்தால்தான் 3,000. கிளெமென்டேக்கு முன் பத்துப் பேர்தான் தொட்டிருந்தார்கள்.

1972 செப்டம்பர் 29, கையில் 2,999. டாம் சீவரின் பந்தை அவர் அடிக்க, அது ஃபீல்டர் கையில் பட்டுத் தவறியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அதிகாரபூர்வ ஸ்கோரர் 'ஃபீல்டரின் பிழை' என்று தீர்ப்பு சொல்லிவிட்டார், அப்படியானால் அது ஹிட் இல்லை. கிளெமென்டேக்குக் கோபம். மறுநாள் நாலாவது இன்னிங்ஸில் ஜான் மேட்லாக் வீசிய பந்தை இடது-நடுப் பக்கம் அடித்து இரண்டாவது பேஸில் போய் நின்றார். நடுவர் பந்தை எடுத்துக் கையில் கொடுத்தார். கிளெமென்டே தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 13,117 பேர். சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் அது. முக்கால்வாசி இருக்கை காலி! இனி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ஊரே நினைத்திருக்கும். சீசனின் வழக்கமான ஆட்டங்களில் (இறுதிச் சுற்றுகள் இதில் சேராது) அவர் அடித்த கடைசி ஹிட் அதுதான்.

ஹால் ஆஃப் ஃபேமில் உடனே சேர்த்தது எப்படி?

ஆடி முடித்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தளர்த்திச் சிறப்பு வாக்கெடுப்பு வைத்தார்கள். 424 பேரில் 393 பேர் ஆம் என்றார்கள். மறுத்தவர்களில் பலரின் ஆட்சேபம் ஆளின் மீது இல்லை, விதியை வளைப்பதன் மீது. 1973 ஆகஸ்ட் 6-ல் சேர்க்கப்பட்டார். லத்தீன் அமெரிக்க, கரீபியப் பகுதியிலிருந்து அங்கே நுழைந்த முதல் வீரர் அவரே.

21 எங்கிருந்து வந்தது?

ஆங்கில எழுத்தில் அவருடைய முழுப் பெயரை எண்ணிப் பாருங்கள்: ராபர்டோ 7, கிளெமென்டே 8, வாக்கர் 6. முதலில் சில நாள் 13 அணிந்தார். பிறகு மாற்றிக்கொண்டார்.

ஜாக்கி ராபின்சனின் 42 போல, 21-ஐயும் எல்லா அணிகளிலும் நிறுத்திவிடலாமே?

ரசிகர்களிடையே ஓயாத சண்டை இது. 42-ஐ 1997-ல் எல்லா அணிகளுக்கும் நிறுத்தினார்கள். கருப்பர்களுக்குக் கதவைத் திறந்தவருக்கு அது கிடைத்தது என்றால், ஸ்பானிஷ் பேசும் வீரர்களுக்கு வழிகாட்டியவருக்கும் வேண்டும் என்பது ஒரு கட்சி. 2006-ல் ராபின்சனின் மகளே இதை ஏற்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த மரியாதை தனித்ததாகவே இருக்கட்டும் என்றார்.

இன்னொரு கோணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிற்கால வீரர்களான சாமி சோசாவும் கார்லோஸ் டெல்காடோவும் கிளெமென்டேக்காகவே 21-ஐத் தேடி வாங்கி அணிந்தார்கள். எண்ணைப் பூட்டிவிட்டால் அப்படி அணிய முடியாது. செப்டம்பர் 15, கிளெமென்டே நாள், இதற்கு ஒரு நடுவழி. 2020-ல் பைரேட்ஸ் அணி முழுக்க 21 அணிந்தது, மற்ற அணிகளின் போர்ட்டோ ரிக்கோ வீரர்களுக்கும் அனுமதி கிடைத்தது. அதன்பின் விரும்புகிற யாரும் அணியலாம் என்றானது. என் ஓட்டு இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

அவர் பெயரில் விருது உண்டா?

உண்டு. ஆட்டத்தோடு சமூகப் பணியும் செய்யும் வீரருக்கு ஒவ்வோர் ஆண்டும் கொடுப்பது. 1971-ல் வேறு பெயரில் தொடங்கியது, முதலில் பெற்றவர் வில்லி மேஸ். 1973-ல் கிளெமென்டே பெயர் வைத்தார்கள்.

பிட்ஸ்பர்க் போனால் என்ன பார்க்கலாம்?

ஆட்ட நாளில் போங்கள். அலெகெனி நதியின் மேல் மஞ்சள் வண்ணத்தில் ஒரு பாலம், பெயர் ராபர்டோ கிளெமென்டே பாலம். ஆட்டம் இருந்தால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் நடுச்சாலையில் நடந்தே மைதானத்துக்குப் போகலாம். பாலம் முடியும் இடத்தில் அவர் சிலை: அடித்துவிட்டு ஓடத் தொடங்கும் நிலை. உள்ளே ரைட் ஃபீல்ட் சுவரின் உயரம் 21 அடி. லாரன்ஸ்வில் பகுதியில் பழைய தீயணைப்பு நிலையக் கட்டடம் ஒன்று அவருடைய அருங்காட்சியகமாக இருக்கிறது.

அந்தச் சுவரில்தான் 2025 ஏப்ரலில் வம்பு வந்தது. கிளெமென்டேயின் 21 சின்னம் இருந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். முதலில் பார்த்தது ரசிகர்கள். படம் பரவியது, குடும்பம் வருத்தம் தெரிவித்தது, அணி மன்னிப்புக் கேட்டுச் சின்னத்தைத் திரும்ப வைத்தது. எல்லாம் சில நாளில் முடிந்தது. அவர் ஆடிப் பார்த்தே இராத வயதினர்தான் அதிகம் கொதித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

போர்ட்டோ ரிக்கோவில்?

அங்கே குளிர்கால லீகின் பெயரே அவர் பெயர்தான். சான் ஹுவானில் உள்ளரங்கம் ஒன்றும் உண்டு. நிகரகுவாவின் மசாயா நகரில் ஒரு மைதானமும் இருக்கிறது.

ஆனால் அவர் கனவு கண்டது வேறு: ஏழைப் பிள்ளைகள் இலவசமாக விளையாட ஒரு விளையாட்டு நகரம். அவர் இறந்த பிறகு மனைவி வேரா அதைக் கட்டி எழுப்பினார். கரோலினாவில் 304 ஏக்கர். இவான் ரோட்ரிகஸ் போன்ற பெரிய வீரர்கள் சிறு வயதில் அங்கே ஆடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பராமரிப்பு இல்லாமல் சீரழிந்தது. சிலை வைக்கப் பணம் திரளும், பிள்ளைகள் ஆடும் புல்தரையைப் பராமரிக்கத் திரளாது. வேரா மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, ஒவ்வோர் ஆண்டும் விருது மேடைக்கு வந்து நின்று, 2019 நவம்பரில் காலமானார்.

அவர் ஆட்டத்தை ஒரே ஒரு முறை பார்ப்பதென்றால் எதைப் பார்க்க?

1971 வேர்ல்ட் சீரீஸ், பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிராக. ஏழு ஆட்டத்திலும் ஹிட், சராசரி .414, தொடரின் சிறந்த வீரர். ஏழாவது ஆட்டத்தில் ஒரு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல), பைரேட்ஸ் 2-1 என்று ஜெயித்தது. முடிந்ததும் டிவி மைக் முன் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. முதலில் ஸ்பானிஷில் பேசினார்: பிள்ளைகளுக்குத் தம் ஆசி, தமக்குப் பெற்றோரின் ஆசி வேண்டும் என்றார். நாடே பார்க்கும் அமெரிக்க டிவியில் அப்படி யாரும் பேசிக் கேட்டிராத காலம். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பலரும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

ஹோம் ரன்னைவிட இரண்டு எறிகளைக் கவனியுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் ரைட் ஃபீல்டில் பந்தைப் பிடித்துச் சுழன்று மூன்றாவது பேஸுக்கு எறிகிறார், ஓடுகிறவர் மயிரிழையில் தப்புகிறார். ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூலையிலிருந்து பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு ஒரே துள்ளலில் வருகிறது பந்து, ஓட வேண்டியவர் மூன்றாவது பேஸிலேயே நின்றுவிடுகிறார். இரண்டிலும் யாரும் அவுட் இல்லை, ஸ்கோர் புத்தகத்தில் ஒரு கோடுகூட இல்லை. அந்த ஆறாவது ஆட்டத்தில் பைரேட்ஸ் தோற்றும் போனது.